திங்கட்கிழமைச் சீட்டுகள்

பிப்ரவரி 11

வாலுவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன், அது உனக்கே தெரிந்திருக்கும். உன் அண்ணன் வழியாகச் சொல்லி அனுப்புவதையும் நிறுத்திக்கொள். அவர் உன்னிடம் ஒரு தலையாட்டல், என்னிடம் ஒரு தலையாட்டல் என்று நடுவில் விஷயத்தையே தொலைத்துவிடுகிறார். கட்டிய மனிதரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே, இருபது வருடமாக நீயும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்.

நேற்று தொழிலாளர் விசாரணை அலுவலகத்திலிருந்து என் கோப்பின் நகல் வந்தது. இப்போது நான் இருக்கிற அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் படித்தேன். நாற்பத்தொரு சீட்டு. எல்லாம் உன் கையெழுத்து. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "யாருடி இவ, உன்னைப் பத்தி இவ்வளவு எழுதியிருக்கா?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. சொன்னால் இந்த வீட்டில் உன் பெயர் அதோடு முடிந்தது.

விசாரணை அதிகாரிக்கு நான் எழுதிக் கொடுத்ததை உனக்கும் அப்படியே எழுதுகிறேன். நாளைக்கு உன்னைக் கேட்டால் நீ வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது.

'எங்கள் கம்பெனியின் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் திங்கள்தோறும் காலை எட்டரை மணிக்கு எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் அந்த வாரம் செய்த ஒரு தவறைச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் அதை உரக்கப் படிப்பார். யாரைப் பற்றியதோ அவர் "நன்றி, திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். சீட்டு கொண்டுவராதவருக்குக் குழு உணர்வு இல்லை என்று பதிவாகும். நானும் என் கணவரின் தங்கையும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தோம். ஞாயிறு மாலை வீட்டிலேயே உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவர் ஒன்றுமில்லாத குற்றங்களாக இட்டுக்கட்டி எழுதிக்கொள்வோம். யோசனை என்னுடையது.'

ஆமாம், யோசனை என்னுடையது. பெரிய புத்திசாலி என்று நினைப்பு எனக்கு. "எனக்கு இந்த வாரம் என்ன குத்தம் போடறே?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தோமே. நான் தண்ணீர் பாட்டிலை மூடாமல் வைக்கிறேன் என்று எழுதினாயே, அது கோப்பில் 'நிறுவனத்தின் மின்சாதனங்களுக்கு ஆபத்து விளைவிக்கும் கவனக்குறைவு' என்று ஆகியிருக்கிறது. நாற்காலியைச் சத்தமாக இழுக்கிறேன் என்பது 'சக ஊழியர்களைத் தொடர்ந்து தொந்தரவு செய்தல்'. எழுதியவள் யார் என்கிற இடத்தில் 'ஊழியரின் நெருங்கிய உறவினர்' என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்கள்.

என்னை வெளியே அனுப்பிய கடிதத்தில் 'நம்பகமற்றவர்' என்று இருக்கிறது. இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போனேன். இரண்டு இடத்திலும் அந்த வார்த்தையைப் படித்த பிறகு முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பதினாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். அது போக வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

விசாரணை மார்ச் 27. நீ வந்து அந்தச் சீட்டெல்லாம் இட்டுக்கட்டியது என்று சொல்ல வேண்டும்.

அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆயிற்று. அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்தார், கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார், நான் பிரிக்கவில்லை என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்கென்று மருந்துக்கடைக்குப் போய்விட்டார். விடுமுறை நாளில் கடைக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சீட்டையெல்லாம் சேர்த்து வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. படித்த உடனே நம் மேற்பார்வையாளன் சிரிச்சமூஞ்சி கிழித்துப் போடுவான் என்றுதான் நினைத்தேன், நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? பழியைத் தூக்கி உங்கள்மேல் போடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நீங்கள் நினைக்காத ஒன்று எனக்கு மட்டும் எப்படித் தோன்றும்? அந்த ஆபீசுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனதே நீங்கள்தான், எங்கே எழுந்திருக்கணும், எங்கே வாயைத் திறக்கக் கூடாது, எல்லாம் நீங்கள் சொல்லித்தந்தது.

உங்களை அனுப்பிய அன்று சிரிச்சமூஞ்சி என்னைக் கூப்பிட்டு அதே சிரிப்போடு, "நான் எதுவும் பண்ணலம்மா, வீட்டு ஆளே சொல்லும்போது வேற சாட்சி எதுக்கு?" என்றான். என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். இருக்கையை விட்டு எழுந்து வெகு நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது, அதைக் காட்டிக்கொடுக்கிற அந்தப் பாழாய்ப்போன மேஜை விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

இப்போது அங்கே எப்படி இருக்கிறது தெரியுமா? ஒரு அழைப்புக்கு நான்கு நிமிடம் இருந்ததை மூன்றாக்கிவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி வேலை செய்யவில்லை என்று அழைக்கிறவர் பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. சரியாயிற்றோ இல்லையோ, 'தீர்ந்தது' என்கிற பொத்தானை அழுத்திவிட வேண்டும். உங்கள் இருக்கைக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார், நாற்பது வயதிருக்கும், கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சீட்டு எழுதுவது எப்படி என்று அவருக்கு நான்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமாம்.

அண்ணி, என்னைக் குழுத்தலைவி ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் விசாரணைக்கு வந்தால் அன்றைக்கே என் கதை முடிந்தது. எனக்கும் அதே வார்த்தையைப் போட்டுத்தான் கடிதம் கொடுப்பார்கள். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்களேன். எல்லாம் பொய் என்று ஒரு தாளில் எழுதித் தருகிறேன், பெயர் இல்லாமல்.

உங்கள் வாலு


பிப்ரவரி 25

பெயர் இல்லாமல் தாளா? நாற்பத்தொரு தாளில் பெயர் போட்டுவிட்டு, இந்த ஒரு தாளில் மட்டும் பெயர் இல்லாமல்! உனக்கே சிரிப்பு வரவில்லையா?

குழுத்தலைவி ஆகப் போகிறாயாம். வாழ்த்துகள். வட்டத்துக்கு நடுவில் நிற்பாய், நிற்கிற இடம் கொஞ்சம் மாறும்.

நான் உன்மேல் வைத்திருந்த பிரியத்துக்கு நீ கணக்குச் சொல்ல வேண்டாம். என் கல்யாணத்தன்று என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கிய எட்டு வயசுக் குழந்தை நீ. அதனால்தான் இத்தனைக்குப் பிறகும் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வக்கீல் நோட்டீஸ்தான் போயிருக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 'எல்லாம் பொய்' என்று எழுதியிருக்கிறாய். கோப்பை நான் மூன்று முறை படித்துவிட்டேன்.

எல்லாமா?


மார்ச் 5

அண்ணி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

எல்லாம் இல்லை. நாற்பதுதான் பொய். கடைசி ஒன்று பொய் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். நான் குளித்துவிட்டு வந்தபோது நீங்கள் அண்ணனிடம் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தீர்கள். "உங்க தங்கச்சி சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்கறதில்லை. எத்தனை நாளைக்கு நானே ரெண்டு வேலையும் பாக்கறது? தனியா ஒரு ரூம் பாத்துக்கட்டும்" என்றீர்கள். அண்ணன் வழக்கம்போல் தலையாட்டியிருப்பார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. நான் உங்களுக்குப் பாரமா? அன்று சீட்டு எழுத நீங்களும் கூப்பிடவில்லை, நானும் வரவில்லை.

மறுநாள் கையில் சீட்டு இல்லாமல் போனேன். எட்டு இருபதுக்குச் சிரிச்சமூஞ்சி வந்து, "உன் பேரைக் குழுத்தலைவி பதவிக்கு எழுதி அனுப்பியிருக்கேன், இன்னிக்குப் போய் சீட்டு இல்லன்னா எப்படிம்மா?" என்றான். நின்றபடியே எழுதினேன். வயிற்றெரிச்சலில் கை தானாக எழுதியது. 'தினமும் வேலைக்கு வரும்முன் பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் அழுதுவிட்டு வருகிறார். வாடிக்கையாளரிடம் பேசும் மனநிலையில் இல்லை.'

நீங்கள் அழுவது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அதைப் போய் எழுதினேன். அவன் படித்தபோது நான் உங்கள் பக்கம் பார்க்கவில்லை. நீங்கள் "நன்றி, திருத்திக்கொள்கிறேன்" என்று சொன்ன குரல் மட்டும் கேட்டது. நான்கு நாளில் உங்களை அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாற்பதும் ஒன்றுமே இல்லை அண்ணி. இந்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மற்ற நாற்பதையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மனிதவளப் பிரிவு அம்மா என்னிடமே சொன்னார்.

நான் கேடுகெட்டவள். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. இதைப் படித்த பிறகும் நான் விசாரணைக்கு வர வேண்டும் என்றால் வருகிறேன். அந்தச் சீட்டையும் பொய் என்றே சொல்லிவிடுகிறேன். உங்களுக்காக அந்த ஒரு பொய்யாவது சொல்கிறேன்.


மார்ச் 12

வாலு,

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அவன் முதல் வரி படித்ததும் தெரிந்துவிட்டது. உலகத்தில் ஒருத்திக்குத்தானே சொன்னேன்.

அதை நீயாகச் சொல்வாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம். உன் அண்ணன் "என்னதான் நடந்துச்சு உங்களுக்குள்ள?" என்று ஒரு நூறு தடவை கேட்டுவிட்டார், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் யார் பக்கம் தலையாட்டுவார், பாவம்.

தட்டு விஷயம் நான் சொன்னது நிஜம்தான். நீ எடுத்து வைப்பதில்லை, அதுவும் நிஜம்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் யாரைத்தான் திட்டவில்லை? போனில் அக்காவைத் திட்டினேன், பால்காரரைத் திட்டினேன், வேலை செய்யாத குழாயைத் திட்டினேன். ஆபீசில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கெல்லாம் சேர்த்து வீட்டில் நீங்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. சொன்னது தப்பு.

எதற்கு அழுதேன் என்று உனக்குச் சொன்னேனா? சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வெளியூரில் தனியாக இருக்கிற ஒரு பெரியவர். சர்க்கரை நோய்க்குப் போடுகிற ஊசி மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். பெட்டி நின்றுவிட்டது. நான்கு முறை அழைத்தார். மூன்று முறை நம் ஆட்கள் 'தீர்ந்தது' பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். நான்காவது முறை நான் எடுத்தேன். "அம்மா, உங்க கம்ப்யூட்டர்ல தீர்ந்துபோச்சு, என் வீட்டுல இன்னும் தீரலையே" என்றார். நான் அந்தப் பொத்தானை அழுத்தவில்லை. ஆள் அனுப்பச் சொல்லி மூன்று நாள் போராடினேன். அதற்குச் சிரிச்சமூஞ்சி சிரித்துக்கொண்டே என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்தான். அன்றிலிருந்துதான் பேருந்து நிறுத்தம். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது.

ஆகவே கேட்டுக்கொள். நாற்பதும் பொய் என்று சொல். நாற்பத்தொன்றை மட்டும் பொய் என்று சொல்லாதே. நான் அழுதது நிஜம். அது பொய் என்றால், அந்தப் பெரியவர் அழைத்ததும் பொய் என்று ஆகிவிடும். எதனால் அழுதாள் என்று அவர்கள் கேட்கட்டும். தெரிந்ததைச் சொல்.

வருவதும் வராததும் உன் இஷ்டம். எனக்குக் கெஞ்சத் தெம்பு இல்லை. படுத்தால் தூக்கம் வருவதில்லை, எழுந்தால் விழிப்பு வருவதில்லை. அக்கா தினமும் "இன்னிக்காவது தலை வாரிக்கோடி" என்கிறாள்.


மார்ச் 29

அண்ணி,

சாட்சி சொல்லும்போது உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நான் முடித்துவிட்டு வந்து பார்த்தால் பெஞ்சு காலி. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டீர்களாம், காவலாளி சொன்னார். நான் உள்ளே போகும்போது என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், அதையும் பார்த்தேன். சரிதான். உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

சின்ன அறை. அதிகாரி ஒரு பெண், கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், படிக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டார். எதிரே கம்பெனி வக்கீல், அவர் பக்கத்தில் சிரிச்சமூஞ்சி. அதிகாரி சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தண்ணீர் பாட்டிலைப் படித்துவிட்டு, "இதுக்கா?" என்று வக்கீலைப் பார்த்தார். அவர் கோப்பைப் புரட்டினார்.

ஒவ்வொன்றுக்கும் பொய் பொய் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இருபதைத் தாண்டியதும் வக்கீல் எழுந்து, "நாப்பது பொய் எழுதின உங்களை இப்ப மட்டும் எப்படி நம்பறது?" என்று கேட்டார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "நம்ப வேணாம் சார். நான் பொய் எழுதுறவதான். அப்ப நீங்க ஏன் நம்பினீங்க?" என்று கேட்டுவிட்டேன். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதினார். சிரிச்சமூஞ்சி சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன், ஆள் அடையாளமே தெரியவில்லை.

பிறகு கடைசிச் சீட்டு. அதிகாரி அதை இரண்டு முறை மனசுக்குள் படித்தார். "இதுவும் பொய்யா?"

"இல்ல மேடம். இது நிஜம்."

"எதனால அழுதாங்க?"

அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். பொத்தானைப் பற்றிச் சொன்னேன். மூன்று நிமிடம், சிவப்பு விளக்கு, வட்டம், எல்லாம் சொன்னேன். அழைப்புகளின் பதிவை வரவழைக்கச் சொல்லி அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்களும் அங்கதானே வேலை பாக்கறீங்க. நீங்க அழுததில்லையா?" என்று கேட்டார். கேள்வி மாதிரிகூட இல்லை, பக்கத்து வீட்டுக்காரம்மா விசாரிப்பது மாதிரி இருந்தது.

"நான் அழல மேடம். நான் எழுதினேன்" என்றேன்.

தண்ணீர் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஆபீஸ் வாசலில் என் அடையாள அட்டை வேலை செய்யவில்லை. இரண்டு முறை தேய்த்துப் பார்த்தேன். காவலாளி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, "நான் என்னம்மா பண்றது, சொன்னாங்க" என்றார். உள்ளே என் காபிக் கோப்பையும் சால்வையும் இருந்தன. கடிதம் தபாலில் வருமாம். என்ன வார்த்தை இருக்கும் என்று எனக்கே தெரியும்.

நான் அழவில்லை. பெட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த அந்த அம்மா உட்கார்ந்திருந்தார், எட்டு மணிக்கே வந்துவிட்டு உள்ளே போகாமல். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூசி என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். விசாரணை அலுவலகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சீட்டு எழுதக் கற்றுக்கொடுத்தவளிடமிருந்து அதை வாங்கிக்கொண்டாரே, அதுவே பெரிசு.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று இத்தனை நாள் எழுதவில்லை. எழுத வாயில்லை. இப்போது எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள் அண்ணி.

அண்ணன் நன்றாக இருக்கிறார். நேற்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையாட்டவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இன்று காலைதான் வெளியே வந்து, "அவளுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார்.


ஏப்ரல் 24

வாலு,

தீர்ப்பு நகல் இன்று வந்தது. 'நம்பகமற்றவர்' என்ற சொல்லுக்கு ஆதாரம் இல்லை, நீக்கி வேறு கடிதம் தர வேண்டும் என்று இருக்கிறது. அழைப்புப் பதிவுகளையும் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் அழைத்தது நான்கு முறை இல்லையாம், ஒன்பது முறையாம். ஒன்பதாவதற்குப் பிறகு அழைக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அதில் எழுதவில்லை. அக்கா படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒன்றாம் தேதி நான் அதே இருக்கையில் போய்ச் சேரலாமாம். ஜெயித்ததற்குப் பரிசு! நான் போகப் போவதில்லை. நம் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஆள் கேட்டிருந்தார்களே, புதுக் கடிதம் கையில் வந்ததும் அங்கே போய்க் கேட்கிறேன். கிடைத்தால் கிடைக்கட்டும்.

உனக்கு வந்திருக்கும் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிடாதே. பத்திரமாக வை. உன் வழக்கும் அங்கேதான் போக வேண்டும். அந்தப் படிவம் பதினோரு பக்கம், நிரப்புவதற்குள் தாவு தீர்ந்துவிடும். எனக்கு மனப்பாடம், நான் உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். சாட்சி கேட்டால் நான் வருகிறேன்.

நீ சொன்னதையெல்லாம் அதிகாரி தீர்ப்பில் அப்படியே போட்டிருக்கிறார். 'நான் அழவில்லை, எழுதினேன்' என்பதையும் போட்டிருக்கிறார். அந்த வரியை நான் பல தடவை படித்தேன். உன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன். எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் களைத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதிவிடலாம் என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்தேன். பொய் எழுதி நாம் இரண்டு பேரும் பட்டது போதும். அதனால் உள்ளதை எழுதுகிறேன். அது இன்னும் வரவில்லை. வருமா என்றால் வரும் என்றுதான் தோன்றுகிறது, நாள் சொல்லத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். உன் அண்ணனிடம் சொல்லிவிடு. நான் வருகிறேன் என்றதும் நீ தோழி வீட்டுக்கு, அங்கே இங்கே என்று ஓடிவிடாதே. வீட்டிலேயே இரு. பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மன்னிப்பு வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் நான் வந்துவிடுகிறேன்.

அண்ணி